மென்வில்லையும் வளரும் விழியும்

கிட்டப்பார்வையுடைய சிறாரின் விழிக்கோளம் இயல்பினும் மிகுதியாக நீள்கிறது. நீட்சி மிகுந்தால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் இடரும் கூடும். 'காண்டாக்ட் லென்ஸ்' எனப்படும் மென்தொடுவில்லை பார்வையைத் தெளிவாக்கும், இந்நீட்சியையும் குறைக்குமா? இதனை அறிய அமெரிக்காவில் 'பிளிங்க்' ஆய்வு நடைபெற்றது. 7 முதல் 11 வயது வரையிலான 294 சிறார், குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஆதலால், முடிவில் தோன்றும் வேறுபாட்டிற்கு வில்லையே காரணம் எனக் கொள்ள இயலும். ஒரு குழுவினர் ஒற்றைக்குவிய வில்லையை அணிந்தனர். ஏனையோர் சுற்றுப்பகுதியில் நடுத்தர அளவிலோ உயர் அளவிலோ திறன் கூட்டப்பட்ட பல்குவிய வில்லைகளை அணிந்தனர். மூன்றாண்டுகள் கண்காணித்து, 2020இல் முடிவு வெளியிடப்பட்டது. ஒற்றைக்குவியக் குழுவில் கிட்டப்பார்வை சராசரியாக 1.05 டயாப்டர் வளர்ந்திருந்தது. உயர்திறன் குழுவில் 0.60 டயாப்டரே வளர்ந்திருந்தது. நடுத்தரத் திறன் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. உயர்திறன் வில்லையும் கிட்டப்பார்வையை நீக்கிவிடவில்லை. அது வளரும் விரைவையே குறைத்தது.