மாணவர் கையில் ஒரு காமிரா

நம் இல்லங்களில் உள்ள பழைய ஆல்பங்களைப் புரட்டினால் என்ன காண்கிறோம்? மாலையும் கழுத்துமாய் மணமக்கள். சஷ்டியப்தபூர்த்திக் கோலத்தில் பெரியவர்கள். ஸ்டூடியோவின் திரைச்சீலைக்கு முன் விறைத்து நிற்கும் குழந்தைகள். பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நம் பாட்டனார் பலரோடு பகிர்ந்துகொண்ட ஒற்றை அறையைக் காணோம். குழாயடியில் குடத்துடன் பாட்டியார் காத்துநின்ற விடியற்காலையையும் காணோம். அவை படமெடுக்கத் தக்கவை என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை.

தோன்றிய மாணவி ஒருவர் இந்நகரில் இருந்தார். அவர் பெயர் ஹோமாய் வ்யாரவாலா. 1913-ஆம் ஆண்டு நவ்சாரியில் ஒரு பார்ஸி குடும்பத்திற் பிறந்தவர், மும்பை ஜே. ஜே. கலைப்பள்ளியிற் பயின்றவர். காமிரா நுட்பத்தைப் பின்னாளில் தம் கணவரான மானெக்ஷாவிடம் கற்றார். 1930-களின் பிற்பகுதியில் அவர் முதன்முதல் படமெடுத்தது மன்னர்களையும் மந்திரிகளையும் அன்று. தம்முடன் பயின்ற பெண்களையும், நகரத்து மக்களையும், மாதர் கழகத்தார் கூடி உண்டு களித்த ஒரு வனபோஜனத்தையுமே. வனபோஜனப் படங்கள் ‘பாம்பே கிரானிகிள்’ பத்திரிகையில் வெளிவந்தன. படமொன்றுக்கு ஒரு ரூபாய் சன்மானம். பெண்ணொருத்தி எடுத்த படத்தை மதிப்பார் இல்லாத காலமாதலின், தொடக்கத்தில் அவர் எடுத்தவை கணவர் பெயரிலேயே அச்சேறின.

1942-இல் தில்லிக்குக் குடிபெயர்ந்த பின்னர், நேரு முதலிய தலைவர்களைப் படமெடுத்துப் புகழ் பெற்றார். 2011-இல் பத்மவிபூஷண் விருது அவரை நாடி வந்தது. மறு ஆண்டு காலமானார். தலைவர்களை வேறு பலரும் படமெடுத்தனர். அக்காலத்து மும்பை மாணவி எவ்வாறு உடுத்தினாள், தோழியரோடு எவ்வாறு பேசிச் சிரித்தாள் என்பதை அறிய விரும்புவோரோ இவருடைய இளமைக்காலப் படங்களையே நாடவேண்டியுள்ளது.

அன்றாடக் காட்சி என்றும் இருக்கும் என்று நினைப்பதே நம் பிழை. இந்நகரின் டிராம் வண்டி 1964 மார்ச் மாதத்தோடு நின்றது. டீசலில் ஓடிய மாடிப் பேருந்து 2023 செப்டம்பரிலும், நம்மவர் பலர் ஓட்டிப் பிழைத்த பிரீமியர் பத்மினி டாக்ஸி அதற்கடுத்த மாதத்திலும் தெருவை விட்டு விடைபெற்றன. கடைசி நாளில் காமிராவுடன் கூடினோம். ஓடிய நாளெல்லாம் ஏறி இறங்கியதோடு சரி.

நம் கண்ணெதிரே இன்றும் எத்தனையோ உள. தாராவியில் விடியுமுன் இட்டலி அவித்து, சைக்கிளில் ஏற்றி, ஹாரனை அமுக்கியபடி தெருத்தெருவாகச் செல்லும் தமிழர்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். மாதுங்காவில் பூத்தொடுப்போரின் விரல் வேகத்தையும் அறிவோம். தாராவியைப் புதுக்கிக் கட்டும் திட்டம் தொடங்கிவிட்ட இந்நாளில், அச்சந்துகளின் இன்றைய கோலத்தை நம் பேரக்குழந்தைகளுக்குக் காட்டப்போவது யார்?

நம் வீட்டு மாணவ மாணவியரே இதற்கு உரியவர் என்போம். கைப்பேசியிலேயே காமிரா இருக்கிறது. வரும் விடுமுறையில் ஆளுக்கொரு தெருவைத் தேர்ந்துகொள்ளட்டும். காலை முதல் இரவு வரை அங்கு நடப்பதைப் படமெடுக்கட்டும். ஆனால் இரண்டு நெறிகளை மறத்தலாகாது. முதலாவது, இசைவு பெறாமல் எவரையும் படமெடுக்கக் கூடாது. வறுமையை வேடிக்கைப் பொருளாக்குவது பண்பன்று. எடுத்த படத்தில் ஒரு பிரதியை உரியவரிடம் கொடுத்து வணங்கி வரவேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு படத்தின் பின்னும் ஆள், இடம், நாள் மூன்றையும் எழுதவேண்டும். பெயரெழுதாத படம் இரண்டு தலைமுறையில் அநாதையாகிவிடும்.

பெற்றோர்களே, “படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே” என்று தடுத்துவிடாதீர்கள். இதுவும் படிப்புத்தான். முதற் படத்தை வேறெங்கும் தேடவேண்டா. விடியலில் உங்கள் அடுக்களையில் காப்பி இறங்கும் வேளையிலேயே தொடங்கட்டும். நம் பாட்டியாருக்குக் கிடைக்காத அந்த ஒரு படம், நம் வீட்டு அம்மாவுக்கேனும் கிடைக்கட்டும்.