ஒரு பெட்டிக்குள் மூன்று ஊர்

கடிதத்தின்மேல் "3, வடக்குத் தெரு" என்று மட்டும் எழுதினால் அது எங்கள் குளத்தூருக்கும் வரலாம், எட்டயபுரத்துக்கும் போகலாம். வடக்குத் தெரு இல்லாத ஊர் நம் கரிசல் சீமையில் ஏது? 1972இல் வந்த ஆறிலக்கப் பின்கோடு அக்குழப்பத்தைத் தீர்க்கிறது. கணிப்பொறி வலைகளிலும் இதே சிக்கல் உண்டு. 10 என்று தொடங்கும் முகவரிகளை எந்த நிறுவனமும் யாரையும் கேளாமல் தனக்குள் வைத்துக்கொள்ளலாம். ஒரே முகவரி கொண்ட இரு நிறுவனங்களின் செய்திகளை ஒரே ரூட்டர் எவ்வாறு பிரித்தனுப்பும்?

எந்த முகவரிக்கு எந்த வாயில் என்று கூறும் வழி அட்டவணை ஒன்று ரூட்டருக்குள் இருக்கிறது. ஒன்றுக்குப் பதில் பல அட்டவணைகளை வைத்து, ஒவ்வொரு வாயிலையும் ஓர் அட்டவணையோடு கட்டிவிடுவதே மெய்நிகர் வழிப்படுத்தல். வி.ஆர்.எஃப். என்பர். ஓர் அட்டவணை மற்றதை அறியாது. ரூட்டர்கள் தம்முள் வழிகளைச் சொல்லிக்கொள்ளும்போது 32 பிட் முகவரிக்கு முன்னால் 64 பிட் அடையாளம் ஒன்றைச் சேர்க்கும் முறை 1999இல் வெளியாயிற்று. அதுவே இங்குப் பின்கோடு! நடுவணரசு 2010இல் ஒப்புதல் தந்த தேசிய அறிவு வலையமைப்பு, கல்வி நிலையங்களை இணைக்கும் ஒரே முதுகெலும்பு வலையின்மேல் வெவ்வேறு குழுக்களுக்குத் தனித்தனி வலைகள் தருகிறது.

இதைக் கற்க மூன்று நான்கு ரூட்டர்களாவது வேண்டும் என்று நினைப்போம். மானாவாரிப் பருத்தியை நம்பிய வீட்டில் அதற்கு எங்கே போவது? ஆனால் ஒன்றே போதும். இரவல் வாங்கிய பழைய ரூட்டர் ஒன்றைச் சென்னை, மதுரை, கோவில்பட்டி என மூன்றாகப் பிரித்தேன். சென்னையின் வாயிலில் கிளம்பும் கம்பியை அதே பெட்டியிலுள்ள மதுரையின் வாயிலில் செருகினேன். மதுரைக்கும் கோவில்பட்டிக்கும் அவ்வாறே. "ஏய்யா, அதுல எடுத்த கம்பிய அதுலயே சொருகுத, எங்க போவும் அது?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். ஆனால் லினக்ஸ் கணிப்பொறியிலிருந்து 64 என்ற ஆயுள் எண்ணோடு கிளம்பிய பொட்டலம் மறுமுனையில் 61 ஆக வந்து சேர்ந்தது. மேசையை விட்டு நகராமலே அது மூன்று ரூட்டர்களைக் கடந்திருக்கிறது!

ரூட்டரே கிடைக்காதவர்க்கும் வழியுண்டு. 2015இல் வந்த 4.3 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலிலேயே வி.ஆர்.எஃப். இருக்கிறது. அதில் கம்பியும் மெய்நிகர்க் கம்பியே.

எல்லாவற்றையும் இதில் கற்க இயலாது. மின்சாரம் நின்றால் மூன்று ஊரும் சேர்ந்தே அணையும். உண்மை வலையில் அப்படியில்லை. ஒளியிழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்லும். சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு 2.5 மில்லிவினாடியாவது ஆகும். ஒரு முழக் கம்பியில் அந்தத் தாமதம் தெரிவதில்லை.

செய்து பார்க்கும் நண்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில ரூட்டர்களில், முகவரி இட்டபின் வாயிலை வி.ஆர்.எஃப்.இல் சேர்த்தால் அம்முகவரி அழிந்துவிடும். முதலில் சேர்த்து, பிறகு முகவரி இடுக.