உஷார்! லீவு இரண்டு மாசம், செல்போன் தவணை பத்து மாசம்

பத்தாம் வகுப்பின் கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு திருப்பூரில் இன்னொரு அட்மிஷன் தொடங்கிவிடுகிறது. விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, டிசி யாரும் கேட்பதில்லை. "தம்பி சும்மாதானுங்க வூட்ல கெடக்கறான், ரெண்டு மாசம் உங்ககூட வரட்டும்" என்று பக்கத்து லைன் வீட்டு பனியன் கம்பெனி கான்ட்ராக்டரிடம் அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பையன் கைமடியாக நிற்பான். ஓவர்லாக், பேட்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, தைத்து வருவதை வாங்கி, பிசிர் வெட்டி, அடுக்கிக் கொடுக்கிற வேலை. ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். சிக்கலே அதுதான்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, இந்த இரண்டு மாசத்தில் உஷாராக இருங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது பெஞ்சில் இடம் காலியாகக் கிடப்பதற்கான காரணம் ஜூனில் உருவாவதில்லை. ஏப்ரல் கடைசி வாரத்திலேயே உருவாகிவிடுகிறது.

லீவில் வேலைக்குப் போவது கெட்ட பழக்கம் என்று சொல்ல வரவில்லை. இந்த ஊரில் பாதிப் பேருடைய பள்ளிச் சீருடையும் நோட்டும் அப்படித்தான் வாங்கப்பட்டன. இன்று சொந்தமாகப் பத்து மெஷின் போட்டிருக்கிற பலரும் ஒரு காலத்தில் லீவுக் கைமடிதான். அதைச் சொல்லித்தான் அப்பாக்கள் வாதாடுகிறார்கள். ஆனால் கைமடியாகவே நின்று, நாற்பது வயதில் முதுகு பிடித்து, செக்கிங் டேபிளுக்குத் தள்ளப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கதை யார் வீட்டு விசேஷ மேடையிலும் பேசப்படுவதில்லை.

பிள்ளையைக் கம்பெனி பிடித்து வைத்துக்கொள்வது வேலையால் அல்ல, சனிக்கிழமையால். திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம். பள்ளிக்கூடம் தரும் பலன் ஐந்தாறு வருஷம் கழித்து வருமென்று சொல்கிறோம். கம்பெனி தரும் பலன் ஆறாவது நாள் கையில் வந்து விழுகிறது. முதல் சனிக்கிழமை ராத்திரி அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். பையன் அம்மா கையில் ஐநூறு ரூபாய்த் தாளைக் கொடுக்கிறான், தங்கச்சிக்குப் பானிபூரி வாங்கித் தருகிறான். அதுவரை "எந்திரிடா" என்று எழுப்பிய அப்பா, ஞாயிற்றுக்கிழமை அவனைத் தூங்க விடுகிறார். குழம்பில் அவனுக்கு ஒரு முட்டை கூடுதலாக விழுகிறது. பத்து வருஷம் பள்ளிக்குப் போய்க் கிடைக்காத மரியாதை ஒரே வாரத்தில் கிடைத்துவிடுகிறது. இதோடு எந்த வாத்தியாரால் போட்டி போட முடியும்?

மூன்றாவது சனிக்கிழமை புதுச் செல்போன் வருகிறது, தவணையில். தவணை பத்து மாசம், லீவு இரண்டு மாசம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பையனை மெஷினோடு கட்டி வைத்திருப்பது முதலாளி அல்ல, மாதா மாதம் ஐந்தாம் தேதி வருகிற போன்கால்தான். ஆகவே முதல் எச்சரிக்கை: லீவு வேலைக்கு அனுப்பியே தீர வேண்டிய நிலைமை என்றாலும், அந்தச் சம்பளத்தை நம்பி எந்தத் தவணையையும் தொடங்காதீர்கள். போன், பைக், சீட்டு எதுவும் வேண்டாம்.

பிள்ளைகள் இப்படிப் படிப்பை விடுகிறார்கள் என்று சொன்னால், "நம்ம மாவட்டம் பிளஸ் டூவில் ஸ்டேட் ஃபர்ஸ்டாச்சே" என்று பதில் வருகிறது. உண்மைதான். 2024-ல் 97.45 சதவீதத் தேர்ச்சியோடு திருப்பூர் மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. ஆசிரியர்களின் உழைப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் தேர்ச்சி சதவீதம் பரீட்சை எழுதியவர்களை வைத்துப் போடும் கணக்கு. பத்தாம் வகுப்போடு பவர் டேபிள் தையல் வேலைக்குப் போனவன் அந்தக் கணக்கில் தோற்றவனும் இல்லை, ஜெயித்தவனும் இல்லை; அவன் கணக்கிலேயே இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க ஐம்பதாயிரம் பேர் வரவில்லை என்று தெரிந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. கொரோனா காலத்தில் பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்து, ஆள் எப்போதோ வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகளும் அவர்களில் உண்டு. பதிவேட்டில் பெயர் இருப்பதும் பெஞ்சில் பிள்ளை இருப்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்குத்தான் நமக்கு உறைத்தது.

அடுத்து நேரம். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் நான்கு மணி நேரம் சேர்ந்தால் ஒன்றரை ஷிப்ட். காலையில் போனவன் வீடு வர ராத்திரி ஒன்பது. ஷிப்மென்ட் நெருங்கினால் அதுவும் தாண்டும். சட்டம் என்ன சொல்கிறது? குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல் வந்தது, 2016-ல் திருத்தப்பட்டது. அதன்படி 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக, லீவு நாளில் ஒத்தாசை செய்வதற்கு விலக்கு உண்டு. அதுவும் ஆபத்தான தொழிலாக இருக்கக் கூடாது. 14 முதல் 18 வயதுள்ளவர்களை ஆபத்தான வேலையில் வைக்கவே கூடாது. மற்ற வேலைகளில் வைத்தாலும், இடைவேளையையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரந்தான். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை வாங்கக் கூடாது. இரவு ஏழு முதல் காலை எட்டு வரை வேலையே கூடாது. ஓவர்டைம் அறவே கூடாது. ஆறு மணி நேரச் சட்டம் இருக்கிற ஊரில்தான் பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு பையன் வீடு வருகிறான். சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவருக்கு ஆறு மாசம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இருபதாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாப் ஒர்க் எடுத்து மொட்டை மாடியில் எட்டு மெஷின் ஓட்டுகிற அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்குப் பயந்து பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டிலேயே வயது பார்க்கிறது. ஆதார் நகல் கேட்காத இடம், கேட்டாலும் அண்ணன் ஆதாரை நீட்டினால் வாங்கிக்கொள்கிற இடம், பெரும்பாலும் நம் தெருவிலேயே இருக்கிறது.

ஏப்ரல், மே மட்டுமே ஆபத்துக் காலம் என்று நினைத்துவிடாதீர்கள். காலாண்டு விடுமுறை எப்போது வருகிறது? செப்டம்பர் கடைசியில். காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் தீபாவளிச் சரக்கு பரபரப்பாக நகர்வதும் அப்போதுதான். உள்நாட்டு ஆர்டர் எடுத்தவர்களுக்கு ராத்திரி பகல் கிடையாது, கை பத்தாது. தீபாவளிக்குத் துணி எடுக்கக் காசு வேண்டும் என்று பையனும் நினைக்கிறான். பத்து நாள் லீவு பதினைந்தாகிறது, பதினைந்து தீபாவளி மறுநாள் வரை இழுக்கிறது. திரும்பி வரும்போது அரையாண்டுக்குப் பாதிப் பாடம் போயிருக்கும். புரியாத வகுப்பில் உட்கார்வது பெரிய தண்டனை. அதைவிட மெஷின் சத்தம் தேவலாம் என்று ஒரு பதினாறு வயசுப் பையனுக்குத் தோன்றினால் அதில் ஆச்சரியமில்லை.

ஊர் நிலவரமும் சேர்ந்துகொள்கிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரியைப் போட்டதும் பல கம்பெனிகளில் ஆர்டர் நின்றது. அப்பாவுக்கு ஒன்றரை ஷிப்ட் போய் ஒரு ஷிப்ட் ஆனால், அந்த அரை ஷிப்டை யார் ஈடுகட்டுவது என்ற கேள்வி வீட்டில் எழும். ஆர்டர் திரும்பி வந்தால் கம்பெனிக்கு ஆள் வேண்டும். இறங்கினாலும் ஏறினாலும் பார்வை வீட்டிலிருக்கிற பிள்ளைமேல்தான் போய் நிற்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே குடியிருக்கிற குடும்பங்களின் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். மொழி புரியாத வகுப்பறையிலிருந்து கம்பெனிக்கு நழுவுவது எளிது. அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்க மாமா, சித்தப்பா யாரும் ஊரில் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இரட்டை உஷார் வேண்டும். ஸ்பின்னிங் மில் ஹாஸ்டலில் தங்கி மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டிய சுமங்கலித் திட்டத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு சேர்ந்து அறிக்கை வெளியிட்டு உலகமெங்கும் அது நாறியது. பெயர் இன்று வெளியே கேட்பதில்லை. ஆனால் மே மாசம் கிராமத்துக்கு வந்து, "ஹாஸ்டல் இருக்குதுங்க, சாப்பாடு இருக்குதுங்க, பிள்ளைக்குப் பாதுகாப்புங்க" என்று பேசுகிற புரோக்கர் பேச்சில் மாற்றம் எதுவும் இல்லை. பிள்ளை வாரம் ஒரு தடவையாவது தன் போனில், பக்கத்தில் யாரும் இல்லாமல் பேச முடியுமா, கூப்பிட்டால் அன்றே வீட்டுக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். இழுத்தாற்போல் பதில் வந்தால் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிள்ளை நழுவுகிறது என்பதற்கு அடையாளம் உண்டு. ஆசிரியர்கள் கவனியுங்கள். திங்கட்கிழமை வராமல் செவ்வாய்க்கிழமை வருகிறவன், சனி, ஞாயிறு எங்கோ வேலை பார்த்து உடம்பு அசந்து கிடந்தவனாக இருக்கலாம். இரண்டாவது பீரியடிலேயே தலை சாய்கிறதா? காதோரத்தில், புருவத்தில் பொடிப் பஞ்சு ஒட்டியிருக்கிறதா? முகம் கழுவியும் அது போகாது, எண்ணெய் தேய்த்த தலையில் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆள்காட்டி விரல் நுனியில் துணி சுற்றியிருந்தால் என்ன ஆச்சு என்று கேளுங்கள், ஊசி ஏறியிருக்கும். பையில் திடீரென்று ரூபாய் புழங்குகிறதா? கீழுதட்டுக்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசினால், அது கூல் லிப் என்கிற வாய்ப் புகையிலை. குட்காவும் பான்மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-லேயே தடை. தடை தாளில் இருக்கிறது, பொட்டலம் பெட்டிக்கடையில் இருக்கிறது. கையில் வாரக் கூலி வந்த பையனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் பக்கத்து மெஷின்காரர் போதும்.

இந்த அடையாளத்தைப் பார்த்ததும் பையனை வகுப்பு முன்னால் நிறுத்தி, "என்னடா, முதலாளி ஆயிட்டியா?" என்று கேட்கிற ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டவர் மறந்துவிடுவார். மறுநாள் முதல் அவன் வரமாட்டான்.

பெற்றோரிடம் பேசும்போது படிப்பின் பெருமையைப் பேசாதீர்கள், பணத்தைப் பேசுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து மேலே போனால் பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம், மாதம் ஆயிரம் ரூபாய். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாலும் உண்டு. பத்து முடித்து ஐடிஐ, பாலிடெக்னிக் போனாலும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நடுவில் நின்றால் இத்தனையும் போச்சு. கம்பெனிக்குள்ளேயே பார்க்கட்டும், பேட்டர்ன் மாஸ்டருக்கும் மெர்ச்சண்டைசருக்கும் என்ன சம்பளம், கைமடிக்கு என்ன சம்பளம்? முதலிபாளையத்தில் பனியன் தொழிலையே படிப்பாகச் சொல்லிக்கொடுக்கிற கல்லூரி இருக்கிறது. அதன் வாசலைப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஒரு தடவை காட்டினால் தப்பில்லை. பரீட்சையில் ஒரு பாடம் போய்விட்டதா? ரிசல்ட் வந்த கையோடு துணைத் தேர்வு வருகிறது, வருஷம் வீணாகாது. தோற்ற பையன் வெட்கத்தில் பதுங்குகிற இடமும் கம்பெனிதான் என்பதால் இதை ரிசல்ட் அன்றே சொல்ல வேண்டும்.

பிள்ளை பேசாமல் சுருண்டு கிடந்தால், ‘செத்துடலாம்னு இருக்கு’ என்று விளையாட்டாகச் சொன்னால்கூட, காத்திருக்க வேண்டாம். பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு 14416 அல்லது 104. குழந்தையை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், அடிக்கிறார்கள், விடமாட்டேன் என்கிறார்கள் என்றால் 1098. நான்கு எண்ணையும் வகுப்புப் பலகையின் ஓரத்தில் அழிக்காமல் எழுதி வையுங்கள். தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டி என்ன பயன்? பிள்ளைகள் அங்கே போவது திட்டு வாங்கத்தானே!

பள்ளிகளுக்கு ஒன்று. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் வைத்துவிட்டு, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். சம்பளத்துக்கு முந்தின நாள் அரை நாள் விட்டால் அந்த வாரக் கணக்கே உதைக்கும். யார் வருவார்கள்? ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே வராதவர்கள் பட்டியலை எடுத்துவிடுங்கள், ‘அடுத்த வாரம் வந்துடுவான்’ என்று விட வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்குப் போங்கள். வார நாளில் போனால் கதவு பூட்டித்தான் இருக்கும். காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள். அதுவரை வீட்டுக்காரர் கறிக்கடையில் நிற்பார். அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். முக்கியமாக, போன் தவணை இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டுவிடுங்கள்.