மேற்கோளும் நூற்பயனும்

ஓர் ஆராய்ச்சி நூலைப் பின்வந்தோர் எத்துணை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர் என்பதை எண்ணி, அதன் பயனை அளப்பது இக்கால வழக்கம். மேற்கோளின் அருமை நமக்குப் புதிதன்று. வளையாபதி முழுமையாகக் கிடைத்திலது. உரையாசிரியர் எடுத்தாண்டமையாலும் தொகைநூலில் இடம்பெற்றமையாலுமே அதன் சில பாடல்கள் எஞ்சின.

இராமநாதபுரக் கரையின் கடல்வளத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னெல் (1865–1949) என்னும் ஆங்கிலேயரை நோக்குவோம். சென்னை மாகாண மீன்துறையில் பணிபுரிந்த இவர், 1914-இல் சங்கினைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மன்னார் வளைகுடாவில் சங்கு வாழும் இயல்பு, அதனைக் குளித்தெடுக்கும் முறை, வங்காளத்தில் அதனை வளையலாக அறுக்கும் தொழில், கோயிலிலும் இல்லத்திலும் அதற்குள்ள சிறப்பு ஆகிய அனைத்தும் அதில் உள்ளன. ஆதலின் உயிரியல் அறிஞரும் வரலாற்றாசிரியரும் மானிடவியலாரும் அதனை ஒருங்கே நாடுகின்றனர். ஒரு துறையின் மேற்கோள்களை மட்டும் எண்ணுவோமாயின், அந்நூற்பயனில் ஒரு பங்கே கணக்கில் ஏறும்.

1920-இல் இந்தியப் படகுகளைப் பற்றி எழுதியபோது, தென்னாட்டுப் படகமைப்பில் பசிபிக் தீவினராகிய பொலினீசியரின் தொடர்பு உண்டு என்றார். பின்வந்தோருள் சிலர் அதற்கு உடன்பட்டிலர். மறுப்போரும் அவர் நூலைச் சுட்டியே மறுத்தல் வேண்டும் அன்றோ? மேற்கோட் கணக்கில் அம்மறுப்பும் ஒன்றாகவே எண்ணப்படும்.