பர்மா நட்சத்திரமும் திருகோணமலைக் கடலும்

பர்மா நட்சத்திரம் என்னும் போர்ப் பதக்கம், பர்மாவின் கரையைக் கண்ணாலும் காணாத மாலுமிகள் பலரின் மார்பில் விளங்கியது. ஒரு நாட்டின் பெயர் பூண்ட பதக்கம் கடலோடிகளுக்கும் உரியதானது எங்ஙனம்? திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில் வாழும் அன்புவழிபுரத்தாருக்கு இது தூரதேசத்துச் செய்தி அன்று.

இரண்டாவது உலக மகாயுத்தத்தில் பணிபுரிந்தோருக்குப் பிரித்தானிய அரசு போர்க்களந்தோறும் வெவ்வேறு நட்சத்திரங்களை வகுத்தது. அவற்றுள் பர்மா நட்சத்திரம் 1945 மே மாதத்தில் ஏற்படுத்தப்பட்டது. பொன்னுமன்று, வெள்ளியுமன்று, செம்பும் துத்தநாகமும் கலந்த மஞ்சள் உலோகத்தாலானது. ஆறு முனைகளின் நடுவே ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் எழுத்துச் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கும். கருநீல நாடாவின் மத்தியில் செம்பட்டையும், அதன் இருமருங்கும் செம்மஞ்சள் கோடுகளும் அமைந்துள்ளன.

தரைப்படைக்குக் களத்தின் எல்லையைக் காட்டுதல் எளிது. கடலில் வேலியிடுவது எவ்வாறு? இலங்கையின் தென்கோடியிலிருந்து தெற்கே 300 மைல் வரை ஒரு கோடு வரைந்தனர். அதனைச் சுமாத்திராவின் தென்முனைக்கு மேற்கே 300 மைலிலுள்ள ஓரிடம்வரை நீட்டி, அங்கிருந்து கிழக்கே சுந்தா நீரிணைவரை கொண்டு சென்றனர். இக்கோட்டுக்குள் அடங்கிய வங்காள விரிகுடாவில், 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை கடற்சேவை புரிந்தோர் தகுதி பெற்றனர். அதற்குமுன் ஆறு மாதப் போர்க்களச் சேவையால் மற்றொரு நட்சத்திரத்தை ஈட்டியிருத்தல் வேண்டும் என்பது கடற்படையினருக்கு விதி. சேவையிலே உயிர்நீத்தோருக்கு மாதக் கணக்குப் பார்க்கப்படவில்லை.

1942 ஏப்ரல் 9 காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. முன்னெச்சரிக்கை கிடைத்தமையால் கப்பல்கள் முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டுத் தெற்கு நோக்கிச் சென்றிருந்தன. ஆயினும் தப்பவில்லை. விமானந்தாங்கிக் கப்பலாகிய ஹேர்மிஸ், அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலாகிய வாம்பயர், சிறுகப்பலாகிய ஹொலிஹொக் ஆகியவை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கின. விமானங்களைச் சுமப்பதற்கென்றே கட்டப்பட்ட ஹேர்மிஸில் அன்று விமானங்கள் இருக்கவில்லை. அவை கரையிலே நின்றன. அக்கப்பலில் மட்டும் 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீட்டா என்னும் மருத்துவக் கப்பல் வந்து, நீரில் தத்தளித்த நூற்றுக்கணக்கானோரைக் கரைசேர்த்தது.

இங்கு ஒரு விந்தை உண்டு. அவுஸ்திரேலிய அரசு தான் வழங்கிய நட்சத்திரங்களின் பின்புறத்தில் பெற்றவரின் பெயரைப் பொறித்தது. பிரித்தானிய அரசோ பெயரின்றியே வழங்கிற்று. ஆதலால் ஒரே நாளில், ஒரே கடலில் மூழ்கிய இரு கப்பல்களுள், வாம்பயர் மாலுமியின் நட்சத்திரம் தன் உரிமையாளரைச் சொல்லும். ஹேர்மிஸ் மாலுமியின் நட்சத்திரம் சொல்லாது. குடும்பத்தார் காகிதங்களைப் பேணாவிடின், அஃது எவர் மார்பில் இருந்தது என்று அறிய வழியில்லை. சிக்கனம் கருதிச் செய்தது போலும். ஆயினும் இச்சிக்கனம் பொருத்தமானதன்று.

படையினரோடு வர்த்தகக் கப்பல் மாலுமிகளும் இந்நட்சத்திரத்துக்கு உரியவராயினர். துறைமுகப் பட்டறைகளிலும் எண்ணெய்த் தாங்கிகளின் அருகிலும் கூலிவேலை செய்த உள்ளூர்க் குடிமக்களோ இந்தப் பட்டியலில் இல்லை. அதே குண்டுகள் அவர்கள் தலைக்கு மேலும் விழுந்தன.

இன்று நிலாவெளி வீதியில் போர் மயானம் ஒன்று உளது. ஹேர்மிஸோடு ஆழ்ந்தவர்களுட் பெரும்பாலோருக்கு அங்கே கல்லறை இல்லை; அவர்கள் கடலிலேயே கிடக்கின்றனர்.