மோரில் ஊறிய கோழி மொறுமொறுப்பது எப்படி?

அமெரிக்கத் தென்மாநிலங்களில் கோழியைப் பொரிக்கும் முன் மோரில் உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவைப்பார்கள். ஏன்? மோரிலுள்ள லாக்டிக் அமிலம் இறைச்சியின் புரதத்தை மெல்ல இளக்குகிறது. உப்பு உள்ளே இறங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. மோருக்குப் பதில் ஊற்றும் எலுமிச்சைச் சாறோ அவசரக்காரன், மேல்தசையைக் கெடுத்துவிடும்.

மொறுமொறுப்புக்கு மாவுதான் பொறுப்பு. மைதாவும் கொஞ்சம் கார்ன்ஃப்ளாரும் கலந்து, இரண்டு கரண்டி மோர் தெளித்துப் பிசிறினால் குட்டிக் குட்டிக் கட்டிகள் திரளும். அவைதான் கோழியில் ஒட்டிக் கரடுமுரடான மேலோடாகின்றன. 175 டிகிரி செல்சியஸ் எண்ணெயில் மாவின் நீர் ஆவியாகச் சீறி வெளியேற, அந்த இடமெல்லாம் நுண்துளைகள். சூடு குறைந்தால் மாவு சொதசொதத்துவிடும்.

அங்கே சொல்லும் மோர் கெட்டியானது; நம் நீர்மோர் இதற்கு உதவாது. புளித்த கெட்டித் தயிரைச் சிறிது நீர்விட்டுக் கடைந்துகொள்ளுங்கள்.