பூனையின் மயிரும் நமது ஒற்றை அறையும்

விதைநெல் மூடையும் படுக்கும் பாயும் சமையற் பாத்திரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கொட்டிலில் பூனை வெறும் செல்லப் பிராணியன்று. எலியிடமிருந்து நெல்லைக் காப்பதற்கு அதைவிடச் செலவு குறைந்த காவல் நம்மிடம் இல்லை. எலி நெல்லைத் தின்பதோடு நிற்பதுமில்லை. அதன் சிறுநீரால் எலிக்காய்ச்சலும் பரவுகின்றது. ஆனால் அதே பூனையின் மயிர் சோற்றுப் பானையிலும், தொய்வுக்காரப் பிள்ளையின் தலையணையிலும் கிடக்கும்போது, "இதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிட்டு வாருங்கள்" என்ற பேச்சு வீட்டில் எழுகின்றது. அந்த முடிவுக்கு முன் ஒரு சீப்பை முயன்று பார்க்கலாம் என்பதே நாம் சொல்ல விரும்புவது.

மயிர் கொட்டுவது நோயன்று. ஒவ்வொரு மயிரும் வளர்ந்து, சில காலம் ஓய்ந்திருந்து, பின் கழன்று விழும். அவ்விடத்தில் புதியது முளைக்கும். இந்தச் சுற்றைப் பெரிதும் நடத்துவது பகல் வெளிச்சத்தின் நீளம். குளிர் நாடுகளில் கோடைப் பகலுக்கும் மாரிப் பகலுக்கும் பல மணித்தியால வேறுபாடு உண்டு. ஆகவே அங்கு வெளியில் வாழும் பூனைகள் பருவம் மாறும்போது கொத்துக் கொத்தாக உதிர்க்கின்றன. நமது வன்னியிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஏறத்தாழ 1 மணித்தியால வித்தியாசமே. எனவே நமது பூனை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்த்துக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒருநாள் பிடித்துவைத்து வாரித் தள்ளுவதால் பயன் குறைவு. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் என்பதே பொருந்தும்.

பூனைக்கு இயல்பாக அமைந்த சீப்பு அதன் நாக்கு. நாக்கின் மேல், தொண்டைப் பக்கமாக வளைந்த சிறு முட்கள் உண்டு; நமது நகம் எந்தப் பொருளால் ஆனதோ அவையும் அதே பொருளாலானவை. அம்முட்களின் நுனியில் குழிவு இருப்பதையும், அக்குழிவு உமிழ்நீரை ஏந்தி மயிருக்குள் கொண்டுசெல்வதையும் அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டனர். முட்கள் உள்நோக்கி வளைந்திருப்பதால் வாயில் சேரும் மயிரைப் பூனையால் எளிதில் துப்ப முடியாது, விழுங்குகின்றது. பெரும்பகுதி மலத்துடன் போய்விடும். மிஞ்சுவது வயிற்றில் திரண்டு வாந்தியாக வரும். நாம் சீப்பில் எடுக்கும் மயிர், பூனையின் வயிற்றுக்கும் நமது பாய்க்கும் போகாமல் தப்பிய மயிர்.

பட்டணக் கடைகளில் இதற்கெனப் பல கருவிகள் விற்கின்றன. நமது ஊர்ப் பூனை குட்டை மயிர்ப் பூனை. அதற்கு இரண்டே போதும். ஒன்று, குமிழ்கள் உள்ள றப்பர்த் தூரிகை. அது கிடைக்காவிட்டால், பாத்திரம் கழுவும் சொரசொரப்பான றப்பர்க் கையுறையைச் சற்று நனைத்துப் போட்டுக்கொண்டு தடவுங்கள். கழன்ற மயிர் அதில் திரண்டு வரும். கையுறையும் இல்லையென்றால் வெறுங்கையை நனைத்துத் தடவினாலும் ஓரளவு வரும். மற்றது, நமது வீடுகளில் எப்போதும் இருக்கும் பேன் சீப்பு. ஆனால் பூனைக்கென ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். அது பிள்ளைகளின் தலைக்குத் திரும்பக்கூடாது. உலோகப் பல்லுள்ளது நல்லது, பிளாஸ்ரிக் பல் வளைந்து விலகிவிடும். வாங்கும்போது உங்கள் முன்கையின் உட்புறத்தில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். கீறினால் வேண்டாம், பூனையின் தோல் நமது தோலைவிட மெல்லியது.

நெருக்கமாக வளைந்த கம்பிகள் பதித்த தூரிகை நீள்மயிர்ப் பூனையின் சிக்குக்கு உரியது. பல்லுள்ள தகடு போன்ற வாரி ஒன்றும் உண்டு. அள்ளி அள்ளி மயிர் வருவதைப் பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் நல்ல மயிரும் அறுந்து தோலும் புண்படும். அந்தப் பணத்துக்குப் பூனைக்கு மீனும் வீட்டுக்குச் சவர்க்காரமும் வாங்கலாம். மாடு தேய்க்கும் பொச்சும், கத்தரிக்கோலும் பூனைக்கு ஆகாது.

வாருவதற்கு நல்ல நேரம், அது தின்றுவிட்டு மயங்கிக் கிடக்கும் நேரம். வீட்டுக்குள் வேண்டாம், முற்றத்து மரநிழல் நல்லது. முதலில் தாடையையும் கன்னத்தையும் தடவிக் கொடுங்கள். பின் கழுத்திலிருந்து வால் வரை, மயிர் படிந்திருக்கும் திசையிலேயே றப்பரால் வாருங்கள். பிறகு பேன் சீப்பு. வயிற்றைப் பெரும்பாலான பூனைகள் தொட விடா, அதை விட்டுவிடலாம். வாலை அடிக்கத் தொடங்கினால், காதைப் பின்னால் மடக்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். பிடித்து அமுக்கி வாரினால் மறுநாள் சீப்பைக் கண்டதும் ஓடிவிடும். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். விசர் நோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும் வரும்.

பேன் சீப்பின் பெரிய நன்மை, அது தெள்ளைக் காட்டிக் கொடுக்கும். சீப்பில் வந்த கரிய துகளை நனைந்த வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். செம்மண்ணிறமாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது உறிஞ்சப்பட்ட இரத்தம். சீப்பைச் சவர்க்கார நீரில் முக்கிமுக்கி வாரினால் தெள்ளு அதில் அமிழ்ந்து சாகும். முட்டைகள் பூனையிலிருந்து உதிர்ந்து அது படுக்கும் இடத்தில்தான் பொரிக்கும். எனவே சாக்கையும் துணியையும் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவிட வேண்டும். மண்ணெண்ணெய் பூசுவதும், பயிருக்கு அடிக்கும் மருந்தைத் தடவுவதும் பூனையைக் கொல்லும். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்திலும் பெர்மெத்ரின் இருக்கலாம். நாய் தாங்கும், பூனை தாங்காது. பூசியதையெல்லாம் அது நக்கும் என்பதை மறக்கக்கூடாது.

தொய்வுக்காரப் பிள்ளை உள்ள வீட்டாருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தொய்வைக் கிளப்புவது மயிர் அன்று. பூனையின் உமிழ்நீரிலும் தோற் சுரப்பிலும் உள்ள ஒரு புரதம். மயிரிலும் தோற்பொடியிலும் ஒட்டிக்கொண்டு அது வீடெங்கும் பரவுகின்றது. வாருவதால் அது குறையலாம், அற்றுப்போகாது. ஆகவே வாரும் வேலையை வேறொருவர் செய்யட்டும். பிள்ளை அப்போது அருகில் நிற்க வேண்டாம். பிள்ளை படுக்கும் மூலைக்குப் பூனையை விடாமல், பாயைத் தினமும் வெளியே உதறுங்கள். நிலத்தைக் கூட்டுவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. இவ்வளவு செய்தும் இரவில் இழுப்பு வந்தால் பூனைக்கு வேறு வீடு பார்க்கத்தான் வேண்டும். எலி உள்ள இன்னொரு வீட்டார் அதை மகிழ்ச்சியோடு ஏற்பர்.

வட்ட வட்டமாக மயிர் போய்ப் பொருக்குக் கட்டினால் அது படர்தாமரையாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் தொற்றும். அப்போது வாருவதை நிறுத்திவிட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். திடீரென அளவுக்கு மீறிக் கொட்டினாலும், மெலிந்து உண்ணாமல் கிடந்தாலும் அப்படியே.

வாரிய மயிரை முற்றத்தில் பறக்கவிடாமல் ஈரக்கையால் உருட்டி எடுங்கள். சுத்தமான மயிரைப் பசளைக் குழியில் போடலாம், உக்குவதற்கு மட்டும் நாட்செல்லும். தெள்ளோ படர்தாமரையோ கண்ட மயிரை எரித்துவிடுங்கள்.